முதியோரின் இடுப்பென்பு முறிவும் சத்திரசிகிச்சைச் சிக்கல்களும்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து ஒரு நோக்கு

“பெத்தா விழுந்தவ; பிறகு எழும்பல்ல.” மட்டக்களப்பின் ஊர்ப்புறங்களில் ஒரு மூதாட்டியின் இறுதிக்காலம் இவ்வாறு இரண்டு வாக்கியங்களிற் சொல்லி முடிக்கப்படுவதுண்டு. அவ்விரு வாக்கியங்களுக்கும் இடையே பல வாரங்களோ மாதங்களோ கழிந்திருக்கும். வைத்தியசாலை வாசமும், பெரும்பாலும் ஒரு சத்திரசிகிச்சையும் நிகழ்ந்திருக்கும். சொல்பவர் அவற்றையெல்லாம் விட்டுவிடுகிறார். வீழ்ச்சியையும் மரணத்தையும் நேரே இணைத்து, இடையில் நிகழ்ந்தவற்றை வயதின் கணக்கில் எழுதிவிடும் மனப்பாங்கு படித்தோரிடத்தும் காணப்படுகின்றது. அந்த இடைக்காலத்தில் நிகழ்வன யாவை, அவற்றுள் உடலின் இயல்பினால் வருவன எவை, காலதாமதத்தினாலும் வாழ்க்கை நிலைமைகளினாலும் நாமே வருவித்துக்கொள்வன எவை என்பதை வேறுபடுத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் முறிவின் இயல்பை விளங்கிக்கொள்ளல் அவசியம். தொடையென்பின் மேல்முனை ஒரு பந்து போன்ற தலையாக முடிகிறது. அத்தலை இடுப்புக் குழியினுட் பொருந்திச் சுழல்கிறது. தலையையும் தொடையென்பின் தண்டையும் சரிவான ஒரு கழுத்து இணைக்கின்றது. கழுத்து தண்டுடன் சேருமிடத்தில், தசைகள் பற்றிக்கொள்ளும் பெரிய புடைப்பொன்று உண்டு. வைத்தியர்கள் அதனைத் துரோக்காந்தர் என்பர். பேச்சுவழக்கில் ‘இடுப்பு முறிந்துவிட்டது’ என்று நாம் கூறுவது கழுத்து முறிவாகவோ புடைப்புப் பகுதி முறிவாகவோ இருக்கலாம். இரண்டும் ஒரே வீழ்ச்சியினால் வருவன, வெளித்தோற்றத்திலும் ஒத்தவை. கால் குறுகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கும். ஆயின் உயிரியல் ரீதியில் இவை இருவேறு நோய்கள் எனலாம். புடைப்புப் பகுதி குருதியோட்டம் மிகுந்தது. எவ்வாறு விட்டாலும் பெரும்பாலும் பொருந்திவிடும், கோணலாகப் பொருந்துவதே அதன் குறை. கழுத்தோ மூட்டுறையினுள் அமைந்தது. தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்ணிய கலன்கள் அக்கழுத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஏறிச் செல்கின்றன. கழுத்து முறிந்து விலகும்போது அக்கலன்களும் கிழிகின்றன. மரத்திலிருந்து ஒடிந்த கிளையின் நிலைதான் தலையின் நிலை.

இவ்வேறுபாட்டை 1822 இலேயே இங்கிலாந்தின் சத்திரசிகிச்சையாளர் அஸ்ரலி கூப்பர் தெளிவுபடுத்தினார். மூட்டுறையினுள் நேரும் முறிவு என்பினாற் பொருந்துவதில்லை என்று கண்ட அவர், முதியோரை மாதக்கணக்கிற் படுக்கையிற் கட்டிவைப்பதினும், சில நாட்களில் நோ தணிந்ததும் எழுப்பி உயர்ந்த கதிரையில் அமர்த்துவதே மேலென்று கருதினார். முறிவைக் கைவிட்டு மனிதரைக் காப்பாற்றும் வழி அது. எக்ஸ்-கதிர் இல்லாத காலத்தில் ஒருவர் அடைந்த இம்முடிவு, இன்றைய வைத்திய நூல்கள் கூறுவதற்கு வியப்பூட்டும் அளவு அண்மையில் நிற்கிறது. உயர்ந்த கதிரை என்ற சொல்லை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

பொஸ்ரன் நகரின் ஸ்மித்-பீற்றர்சன் முப்பட்டை ஆணியைக் கழுத்தினூடாகச் செலுத்தி முறிவை நிலைநிறுத்தும் முறையை 1931 இல் வெளியிட்டதுடன் புதிய காலகட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஜொஹான்சன், நடுவே துளையுள்ள ஆணியை மெல்லிய கம்பியொன்றின் வழிகாட்டலிற் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். முறிந்த என்பை உள்ளிருந்தே பிணைத்து நோயாளியை எழுப்பிவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கை அரைப்பங்கே நிறைவேறியது. பிணைப்பு என்பது என்பு பொருந்தும்வரை தாங்கிநிற்கும் ஓர் ஏற்பாடு மாத்திரமே. பொருந்தல் விரைந்து நிகழாவிடின் உலோகம் தளர வேண்டும், அல்லது ஒடிய வேண்டும், அல்லது என்பை அறுத்துக்கொண்டு வெளிவர வேண்டும். வேறு முடிவு இல்லை. முதியோரின் என்பு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களின் என்பு, உள்ளே கறையான் அரித்த மரம் போல் இழை தேய்ந்திருக்கும். திருகாணியின் புரிகள் பற்றிக்கொள்ள அங்கே அதிகம் எஞ்சியிருப்பதில்லை.

கழுத்து முறிவை விலகல் இல்லாதது, விலகியது என இரு பெரும் பிரிவாக்கி நோக்குவது இன்றைய வழக்கம். கார்டன் என்பார் 1961 இல் வகுத்த நான்கு படிகளின் சாரம் இதுவே. விலகாத முறிவில் இரண்டு மூன்று திருகாணிகளே பெரும்பாலும் போதுமானவை. விலகிய முறிவைப் பொருத்திப் பிணைத்தால் நேர்வதென்ன? 1994 இல் லூ-யாவோ குழுவினர் 106 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து நோக்கியபோது, அவ்வாறு பிணைக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ 33 சதவீதத்தினரில் முறிவு பொருந்தவில்லை. 16 சதவீதத்தினரில் தொடையென்புத் தலை குருதியின்றி மடிந்தது. நூற்றுக்கு 20 முதல் 36 பேர் வரை மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்படவேண்டியிருந்தது. தலையை அகற்றி உலோகத் தலை வைத்தவர்களுள் இவ்வெண்ணிக்கை 6 முதல் 18 வரையே. எந்த வகைத் திருகாணி சிறந்தது என்பதும் ஆராயப்பட்டது. 2017 இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், பெரும்பாலும் விலகாத முறிவுடைய ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் இருவகைப் பிணைப்புகள் ஒப்பிடப்பட்டன. இரண்டாண்டுகளுக்குள் மறுசிகிச்சை வேண்டியவர்கள் ஒரு பிரிவில் 20 சதவீதம், மறுபிரிவில் 22 சதவீதம். அதாவது ஐவரில் ஒருவர். உலோகத்தின் வடிவத்தை மாற்றி இச்சிக்கலைத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணத்திற்கு இது நல்ல விடை.

தலை மடிதல் என்னும் சிக்கலின் போக்கு நயவஞ்சகமானது. சத்திரசிகிச்சை நன்றாக முடிந்து, முறிவும் பொருந்தி, மூதாட்டி தடியூன்றி நடக்கத் தொடங்கி, எல்லோரும் மறந்துவிட்ட பின்னர், ஆறு மாதத்திலோ இரண்டாண்டுகளுக்குள்ளோ அரையில் நோ திரும்பும். மடிந்த தலை மெல்ல மெல்ல இடிந்து தட்டையாகிறது. அதனுள் நின்ற திருகாணிகளின் கூரிய முனைகள் வெளிப்பட்டு இடுப்புக் குழியை உரசுகின்றன. ‘வயசு போனால் நோ இருக்கும்தானே’ என்று வீட்டாரும் சிலவேளை வைத்தியரும் கூறிவிடுவர். நன்றாக நடந்தவர் மீண்டும் நொண்டத் தொடங்கினால் அதனை வயதென்று கொள்ளாது ஓர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தாக வேண்டும்.

புடைப்புப் பகுதி முறிவின் சிக்கல் வேறுவகையானது. இங்கு தலை மடிவது அரிது. பெரிய திருகாணியொன்றைக் கழுத்தினூடாகத் தலைக்குட் செலுத்தி, அதனைத் தண்டில் இறுக்கிய தகடொன்றின் குழாயினுள் வழுக்கவிடுவர். நோயாளி நிற்கும்போது உடற்பாரம் முறிவின் இரு முகங்களையும் ஒன்றோடொன்று அழுத்தும். திருகாணி சற்றுப் பின்வழுக்கி இடங்கொடுக்கும். பாரத்தை எதிர்க்காது அதனையே பொருந்தலுக்குப் பயன்படுத்தும் இவ்வேற்பாடு உண்மையிற் பாராட்டத்தக்கது. இதன் பெருந்தோல்வி, திருகாணியின் முனை தலையை மேல்நோக்கி அறுத்துக்கொண்டு மூட்டுக்குள் வெளிவருதல். 1995 இல் பாம்கார்ட்னரும் அவருடைய சகாக்களும் எளிய அளவீடொன்றை முன்வைத்தனர். முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் திருகாணி முனைக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள தூரங்களைக் கூட்டினால் அது 25 மில்லிமீற்றருக்குட்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேற்படின் அறுபடும் அபாயம் ஏறிச்செல்கிறது. விலையுயர்ந்த கருவியெதுவும் வேண்டாது, கவனத்தினால் மட்டும் தவிர்க்கக்கூடிய சிக்கல் இது. முறிவுக்கோடு எதிர்த்திசையிற் சரிந்திருந்தால், அல்லது வெளிச்சுவர் நொறுங்கியிருந்தால், வழுக்கும் தகடு உதவாது. தண்டின் உட்குழியிற் செலுத்தும் ஆணியே பொருத்தமானது. ஆணிக்கும் தன் குறையுண்டு. அதன் கீழ்முனையில் என்பு மறுபடி முறியலாம்.

இனி, தலையை அகற்றிச் செயற்கைத் தலை வைக்கும் முறை. விலகிய கழுத்து முறிவுடைய முதியோருக்கு இன்று பரவலாக ஏற்கப்பட்டது இதுவே. பொருந்தலுக்காகக் காத்திராது மறுநாளே முழுப்பாரத்தையும் ஊன்றலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு. ‘காலைப் பாதி ஊன்று, பாதி ஊன்றாதே’ என்று எண்பது வயதினருக்குக் கூறுவதிற் பொருளில்லை. அவர் முழுதும் ஊன்றுவார், அல்லது படுத்துவிடுவார். செயற்கைத் தண்டை என்புச் சீமெந்தினால் ஒட்டுவதா, ஒட்டாது இறுக்குவதா என்பதில் நெடுங்கால விவாதம் இருந்தது. சீமெந்தை அழுத்தும் கணத்தில் கொழுப்பும் மச்சையும் குருதியிற் கலந்து, சிலரில் ஒட்சிசனும் குருதியமுக்கமும் திடீரெனச் சரிவதுண்டு. மேசையிலேயே மரணம் நேர்ந்ததும் உண்டு. எனினும் 2022 இல் வெளியான, 1,225 பேர் பங்குகொண்ட பிரித்தானிய ஆய்வில் சீமெந்து வைத்தவர்களின் வாழ்க்கைத்தரம் சற்று மேம்பட்டிருந்தது. தண்டைச் சூழ்ந்த என்பு மறுபடி முறிந்தவர்கள் சீமெந்து வைத்தோரில் 0.5 சதவீதமும் வையாதோரில் 2.1 சதவீதமும் ஆவர்.

செயற்கைத் தலையின் மற்றுமொரு சிக்கல் எமது வாழ்க்கை முறையோடு நேரடியாகத் தொடர்புடையது. மூட்டை அளவுக்கு மீறி மடக்கி, தொடையை உட்புறமாகத் திருப்பினால் அது குழியிலிருந்து நழுவும். மூட்டைப் பின்புறமாகத் திறந்து செய்த சத்திரசிகிச்சையின் பின் இவ்வபாயம் அதிகம். கட்டில், கதிரை, உயர்ந்த மலசலகூட இருக்கை ஆகியவற்றோடு வாழும் சமூகத்தை எண்ணி எழுதப்பட்ட நூல்கள், தாழ்ந்த இருக்கைகளைத் தவிர்க்குமாறு ஒரு வரியிற் கூறிச்செல்கின்றன. வாவிக்கரையின் முதியவளோ பாயிற் படுத்து நிலத்தைக் கையால் ஊன்றி எழுபவள். குந்தியிருந்து மீன் வெட்டுபவள். வளவின் மூலையிலுள்ள மலசலகூடத்திற் குந்தவேண்டியவள். அவளுக்கு அந்த ஒருவரி அறிவுரை, வாழ்க்கை முழுவதையும் மாற்றியமை என்ற கட்டளையாகும். அதற்கான பொருள்களை யார் கொடுப்பது என்பதை அறிவுரை சொல்வதில்லை. கூப்பர் கூறிய உயர்ந்த கதிரை இங்கே ஒரு சத்திரசிகிச்சைக் கருவியின் முக்கியத்துவத்தைப் பெறுகிறது. இருக்கையில் துளையிட்ட மரக்கதிரையொன்றை ஊர்த் தச்சர் ஒரே நாளிற் செய்துவிடுவார். நடைச்சட்டகத்தைப் பொறுத்தும் இவ்வாறே. வைத்தியசாலையின் வழுவழுப்பான தரையிற் பழகிய சட்டகத்தின் கால்கள் எழுவான்கரை வளவு மணலிற் புதைந்துவிடும். வாசலிலிருந்து கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் ஒடுங்கிய சீமெந்துத் தரையொன்று, அல்லது சட்டகத்தின் கால்களுக்கு அடியில் அகன்ற மரக்கட்டைகள் இருந்தால் அவள் நடப்பாள், இல்லாவிடிற் படுப்பாள்.

காயத்தில் ஏற்படும் கிருமித்தொற்றைச் சுருங்கக் கூறலாம். ஆழமான தொற்று சிலருக்கே வருவது, வந்தால் பெருந்துன்பம். நீரிழிவு மலிந்துள்ள எமது பிரதேசத்தில் அதன் அபாயம் கூடுதலாகும். சத்திரசிகிச்சைக்கு முன் உரிய நேரத்தில் இடப்படும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் சீனிக் கட்டுப்பாடும் அதனைப் பெரிதும் குறைக்கின்றன.

இதுவரை கூறியவை என்பின் சிக்கல்கள். ஆயின் இம்முதியோர் இறப்பது பெரும்பாலும் என்பினால் அன்று. பல நாடுகளின் அனுபவப்படி, இடுப்பென்பு முறிந்த முதியோருள் ஐவரில் ஒருவரோ நால்வரில் ஒருவரோ ஓராண்டுக்குள் இறக்கின்றனர். அவர்களைக் கொண்டுசெல்வன சுவாசப்பை அழற்சி, மாரடைப்பு, காலிற் கட்டிய குருதிக்கட்டி சுவாசப்பைக்குச் செல்லல், சிறுநீர்த் தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு, படுக்கைப்புண் ஆகியவை. இவற்றுட் பலவற்றுக்குப் பொதுவான தாய் ஒன்று: அசையாது கிடத்தல். மல்லாந்து கிடப்பவரின் சுவாசப்பையின் அடிப்பகுதி விரிவதில்லை; அங்கே சளி தேங்கும். வசதிக்காக இட்ட சிறுநீர்க்குழாய் நாட்கணக்கில் இருந்தால் தொற்று ஏறும். குதியும் பிட்டமும் சில மணிநேரத்திலேயே கன்றத் தொடங்கும். இன்றைக்குச் சத்திரசிகிச்சை என்று நள்ளிரவு தொடக்கம் பட்டினி போட்டு, மாலையில் நாளைக்கு என்று ஒத்திப்போட்டால், இரண்டு மூன்று தடவையில் அவர் உடலின் நீர் வற்றிவிடும். இரவில் திடீரென ‘வீட்டுக்குப் போகவேணும்’ என்று குழாய்களைப் பிடுங்கி, இறந்த கணவரைப் பெயர் சொல்லி அழைக்கும் மூதாட்டியைக் கண்டு பேய் பிடித்ததென்றோ மூளை கலங்கிவிட்டதென்றோ உறவினர் அஞ்சுவர். அது சித்தக்குழப்பம் என்னும் உடல்நிலைக் கோளாறு. நோ, நீரின்மை, மலச்சிக்கல், தொற்று, உறக்கமின்மை, சில மாத்திரைகள் ஆகியவை அதன் காரணங்கள்; பெரும்பாலும் தீரக்கூடியது. மூக்குக்கண்ணாடியை முகத்தில் மாட்டிவிடுவதும், அறிந்த முகமொன்று கட்டிலருகில் இருப்பதும், தொடைமடிப்பில் இடும் நரம்புத் தடை ஊசியால் நோவைத் தணிப்பதும் அதற்கான சிகிச்சையின் பகுதிகளே.

எனவே காலம் என்பது இந்நோயில் ஒரு மருந்துக்கு நிகரானது. எவ்வளவு விரைவு வேண்டும் என்பதை அறிய இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2020 இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு நோய் கண்டறிந்து ஆறு மணிநேரமளவிலும், மறுபிரிவினருக்கு 24 மணிநேரமளவிலும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மூன்று மாத இறப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 9 சதவீதமும் 10 சதவீதமும். ஆயின் சித்தக்குழப்பம் விரைந்த பிரிவில் 9 சதவீதம், மற்றதில் 12. இவ்வாய்வை வாசித்து, அவசரம் வேண்டியதில்லை என்று முடிவுசெய்வோர் ஒன்றை மறக்கின்றனர். அங்கே தாமதம் எனப்பட்டது ஒரு நாள். எமது நாட்டு முதியோர் பலர் அனுபவிக்கும் தாமதம் பல நாட்கள், சிலருக்கு வாரங்கள்.

அத்தாமதத்தின் முதற்பகுதி வாவியிலேயே தொடங்குகிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, கடலோரமான எழுவான்கரையையும் வயல்சார்ந்த படுவான்கரையையும் பிரிக்கின்றது. மக்கள்தொகையும் பெரிய வைத்தியசாலைகளும் எழுவான்கரையின் பக்கம். என்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவோ நகரிலுள்ள போதனா வைத்தியசாலையில். வலையிறவு, பட்டிருப்பு ஆகிய இடங்களிற் பாலங்கள் இருந்தும், இடைப்பட்ட ஊர்கள் நெடுங்காலம் தோணியையும் ‘பாதை’ எனப்படும் மிதவையையுமே நம்பியிருந்தன. மண்முனைத்துறையிற் பாலம் அமைந்தது 2014 இலேதான். அதற்கு முன், யுத்த காலத்தில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இரவில் விழுந்த முதியவர் விடியும் வரையும், விடிந்த பின் சோதனைச் சாவடியிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2011 சனவரி வெள்ளத்தின்போது படுவான்கரை ஊர்கள் பல தீவுகளாயின. இன்று பாலமும் உண்டு, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டியும் உண்டு. ஆதலால் தாமதத்தின் கூடிய பகுதி இப்போது வேறிடங்களுக்கு நகர்ந்துள்ளது: தீர்மானிக்கும் வீட்டுக்கும், காத்திருக்கும் விடுதிக்கும்.

வீட்டிலே முதலில் எழும் எண்ணம் முறிவு வைத்தியம். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. முழங்கை, மணிக்கட்டு, காறையென்பு முதலியவற்றின் முறிவுகளை எண்ணெயும் பத்தும் பட்டையும் வைத்துக் கட்டிக் குணப்படுத்திய பரிகாரியாரின் கைத்திறன் தலைமுறைகளாகச் சோதிக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்த நம்பிக்கை அவர் உழைத்துப் பெற்றது. ஆனால் இடுப்பு மூட்டு தடித்த தசைகளின் அடியிற் கிடப்பது. வெளியிற் கட்டும் எந்தப் பட்டையும் அந்தத் தசைகளின் இழுப்பை அடக்கமாட்டாது. கட்டுப் போட்டுக் கிடத்தும் ஒவ்வொரு நாளும் மேலே கூறிய சிக்கல்களின் பட்டியலை நீட்டுகிறது. பரிகாரியாரை எதிரியாக்குவதினும், கால் குறுகிப் பாதம் திரும்பியிருந்தால் தொடாமல் அனுப்பிவிடும் முதல் நோயறிபவராக அவரைக் கொள்வது பயனுடையது.

விடுதித் தாமதத்தின் காரணங்கள் யாவரும் அறிந்தவை: அரங்கப் பட்டியலில் இளையவரின் விபத்துக் காயங்கள் முந்துதல், குருதி கிடைக்காமை, இதயப் பரிசோதனைக்குக் காத்திருத்தல், உரிய அளவு உலோகம் இல்லாமை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் இது உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துப் பற்றாக்குறையினால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தியமை நாடறிந்தது. நெருக்கடிக் காலத்தில் யார் காத்திருப்பர் என்பது ஒரு வைத்தியக் கேள்வி மாத்திரமன்று. உழைக்கும் வயதைக் கடந்த பெண்ணின் காத்திருப்புக்கு எவரும் விலை கணக்கிடுவதில்லை. காத்திருந்து வரும் படுக்கைப்புண் மாதக்கணக்கான கட்டிலையும் மருந்தையும் விழுங்குகிறது என்ற வெறும் கணக்கைக்கூட நாம் போட்டுப் பார்ப்பதில்லை.

வீடு திரும்பியபின் பராமரிப்பவர் யார்? மட்டக்களப்பில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது வழமை. பெற்றோர் மகளின் வளவிலேயே சிறு வீடொன்றிலோ கடைசி மகளோடோ முதுமையைக் கழிப்பர். இத்தாய்வழிக் குடியிருப்பு முதிய பெண்ணுக்கு ஒரு காப்பாக இருந்துவந்துள்ளது. அவளைக் குளிப்பாட்டித் தூக்கியிருத்துவது மருமகளின் கடமையாக அன்றி, பெற்ற மகளின் கையாலேயே நடந்தது. மத்திய கிழக்கு வீட்டுப்பணிக்குப் பெண்கள் செல்லத் தொடங்கிய பின் இவ்வேற்பாடு தலைகீழாயிற்று. மகள் அந்நியரின் தாயைப் பராமரிக்கச் சென்றாள். பேரப்பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பு எழுபது வயதுத் தாயின் தலையில் விழுந்தது. ஈரக் கிணற்றடியில் வாளியோடு அவள் விழுவதற்கும், விழுந்த பின் அவளை எழுப்பி நடத்த ஆளில்லாமைக்கும் காரணம் ஒன்றே. மகள் அனுப்பும் பணத்தில் மெத்தை வருகிறது. கைகொடுக்க எவரும் வருவதில்லை.

ஆள் இருக்கும் வீடுகளிலும் அன்பே தடையாவதுண்டு. ‘பாவம், நோகுது, படுக்கட்டும்’ என்று ஊட்டிவிட்டு, அரிசிக் கஞ்சி மட்டுமே கொடுத்து, எழவிடாது காப்பார்கள். சத்திரசிகிச்சைக்கு மறுநாளே நிற்கச் சொல்லும் இயன்மருத்துவரைக் கொடுமைக்காரர் போல் நோக்குவர். உண்மையில் நிற்பதே சிகிச்சை. மீனும் முட்டையும் பருப்பும் அவள் தசைக்கு வேண்டும். நோவுக்கான மாத்திரையைக் கேட்டபின் அன்றி, நடப்பதற்கு அரைமணி முன்னரே கொடுக்க வேண்டும்.

இவையெல்லாம் செல்வநாடுகளுக்கே இயலும் என்று கூறுவோர், அவை தொடங்கிய இடத்தை நோக்குதல் நன்று. இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் என்ற கடற்கரை நகரில் 1960களில் டெவாஸ் என்ற என்புச் சத்திரசிகிச்சையாளரும் இர்வைன் என்ற முதியோர் வைத்தியரும் ஒரே விடுதியில் ஒன்றாகச் சுற்றிவரத் தொடங்கினர், அவ்வளவே. பின்னாளில் 2007 இல் அந்நாடு ஒவ்வொரு இடுப்பு முறிவையும் தேசியப் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. வைத்தியசாலைக்கு வந்ததிலிருந்து எத்தனை மணியில் அரங்கம், மறுநாள் எழுந்தாரா, முப்பது நாளில் உயிரோடு உள்ளாரா என்பன போன்ற எளிய கேள்விகள்தாம். முப்பது நாளில் இறப்போர் 2007 இல் 10.9 சதவீதமாக இருந்தது. 2011 இல் 8.5 சதவீதமாயிற்று. புதிய உலோகமெதுவும் கண்டுபிடிக்கப்பட்டு அது நிகழவில்லை.

ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கம் முறியும் வாய்ப்பு அதிகம் என்பதையும் மறத்தலாகாது. சத்திரசிகிச்சைக்குப் பின் 90 நாட்களுக்குள் ஆண்டுக்கொருமுறை இடும் சொலெட்ரோனிக் அமில ஊசியைப் பெற்றவர்களில் புதிய முறிவு 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்ததாக 2007 இல் ஓர் ஆய்வு காட்டிற்று. வாரமொருமுறை எடுக்கும் மாத்திரையும் உண்டு. வெறுவயிற்றில் நிறைந்த நீருடன் விழுங்கி அரைமணி நிமிர்ந்திருக்க வேண்டும். முறிவைச் சீர்செய்து, முறிவை வருவித்த என்பு நலிவை அப்படியே விட்டனுப்புதல், ஓட்டைக் கூரையின் கீழ் நனைந்த பாயை மட்டும் மாற்றுவது போன்றது. கண்புரையை அகற்றுவதும், இரவில் தலைசுற்றவைக்கும் உறக்க மாத்திரைகளை மீளாய்வதும், மலசலகூட வழியில் ஒரு விளக்கிடுவதும் இதே சிகிச்சையின் நீட்சியாம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர் 12.4 சதவீதம், அப்பங்கு ஏறிக்கொண்டே செல்கிறது.

இறுதியாக ஒரு முறையியற் பிரச்சினை. சத்திரசிகிச்சையின் சிக்கல்களை வைத்தியசாலைப் பதிவுகளைக்கொண்டு கணக்கிடும்போது, மீண்டும் வந்தவர்களையே நாம் எண்ணுகிறோம். படுவான்கரையின் உள்ளூரொன்றுக்குத் திரும்பிய மூதாட்டி ஆறாம் வாரச் சிகிச்சை நிலையத்துக்கு வராவிடின், ஏட்டில் அவள் சிக்கலற்றவள். திருகாணி அறுத்து வெளிவந்திருக்கலாம்; அவள் பாயிலேயே கிடக்கலாம்; இறந்தும் இருக்கலாம். வாகனக் கூலியும் துணைவருபவரின் ஒருநாட் கூலியும் இல்லாமையே அவள் வராமைக்குக் காரணமாயிருக்கக்கூடும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் வைத்தியமும் தாதியமும் பயிலும் மாணவர் வருடந்தோறும் கிராமங்களுக்குச் செல்கின்றனர். விடுதியிலிருந்து வீடு திரும்பியோரின் பெயர்ப்பட்டியலொன்றை அவர்கள் உடன் கொண்டுசென்று, நான்காம் மாதத்தில் ஒவ்வொரு வாசலிலும் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதலாம்: கிணற்றடிக்குத் தானே போகிறாரா, இருந்த இடத்திலிருந்து தானே எழுகிறாரா, அரையில் நோ திரும்பியிருக்கிறதா. மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றால் மகிழடித்தீவு வைத்தியசாலைக்கோ களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ படம் எடுக்க அனுப்பும் துண்டொன்றையும் அவர்கள் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.